‘அம்மா அழுகிறார், எனக்கு எதுவும் தோன்றவில்லை’

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். பதினோரு தாள்களில் நெருக்கமான கையெழுத்தில் வந்த கடிதம் அது. எழுதியவர் 26 வயது இளைஞர். அவர் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வட மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா தெருக்கூத்துக் கலைஞர். முப்பது ஆண்டுகளாகத் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். மகன் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் இரவு ஷிப்ட் வேலை பார்க்கிறார். அறைத் தோழர்கள் வற்புறுத்தியதால் ஒரே ஒரு நாள் கஞ்சா புகைத்திருக்கிறார். அன்று நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்ற பயத்தில் விடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது பிளாட்பாரம், டீக்கடை, கூட்டம் எல்லாமே யாரோ போட்டுவைத்த செட்டைப் போலத் தெரிந்தன. 14 மாதங்களாகியும் அந்த உணர்வு விலகவில்லை.

“டீ டம்ளரைப் பிடிக்கிறேன். சுடுகிறது. ஆனால் வேறு யாருக்கோ சுடுவதைப் போல இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்து அம்மா அழுதார். அது அம்மா என்று தெரிகிறது. அழுகிறார் என்று தெரிகிறது. எனக்கு எதுவும் தோன்றவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்களாம். பெரியம்மா காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போனார். உலகமே ஒரு கம்ப்யூட்டர் மாயை, அதை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார் அறைத் தோழர். இது ஞானத்தின் வாசல், வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விடு என்கிறார் ஓர் உறவினர். இவர் கேட்பவை மூன்று: எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இந்த உலகம் உண்மைதான் என்று எப்படி உறுதி செய்வது? வேலையை விட்டுவிடலாமா?

அந்தப் ‘போல’ என்ற சொல்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தேன். ‘போல’ என்ற சொல். செட்டைப் போல, கண்ணாடிக்கு அப்பால் இருப்பதைப் போல, வேறு யாருக்கோ சுடுவதைப் போல. ஒரு மனநல மருத்துவருக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. மனச்சிதைவு நோயின் பிடியில் இருப்பவர் ‘போல’ என்று சொல்வது அரிது. இது செட்தான், இதைப் போட்டவர் இன்னார், என்னைக் கண்காணிக்கவே போட்டிருக்கிறார் என்று அவர் அடித்துச் சொல்வார். நீங்களோ, தெரிவது ஒன்று, தோன்றுவது இன்னொன்று என்பதைப் பதினோரு தாள்களிலும் பிரித்து வைத்திருக்கிறீர்கள். எது நிஜம் என்று சரிபார்க்கும் திறன் உங்களிடம் பழுதில்லாமல் இருக்கிறது.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது, சுற்றியுள்ள உலகம் அந்நியமாகத் தெரியும் ‘டீரியலைசேஷன்’, தன் உடலும் குரலுமே அந்நியமாகத் தெரியும் ‘டீபெர்சனலைசேஷன்’ ஆகிய இரண்டின் பாடப்புத்தக விவரிப்பைப் போலவே இருக்கிறது. மருத்துவக் கையேடுகள் இவை இரண்டையும் ஒரே கோளாறாகச் சேர்த்துச் சொல்கின்றன. தூக்கமின்மையிலோ, விபத்து அதிர்ச்சியிலோ, சாவு வீட்டிலோ சில நிமிடங்கள் இப்படித் தோன்றுவது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்வில் ஒரு முறையாவது நேர்கிறது. மாதக்கணக்கில் நீடித்து வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு வருவது சுமார் 100 பேரில் 2 பேருக்கு. அப்படியானால் நீங்கள் ஏறிவந்த மின்சார ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் ஓரிருவராவது இருந்திருக்கலாம். அவர்களும் உங்களைப் போலவே வாய் திறக்காமல் நின்றிருப்பார்கள். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்களே என்ற பயத்தில் பல ஆண்டுகள் மறைத்துவிட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 14 மாதங்களில் நீங்கள் எழுதிவிட்டீர்கள். அது நல்லது.

இந்தக் கோளாறு பெயர் பெற்றதே ஒரு நாட்குறிப்பிலிருந்துதான். ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த ஹென்றி ஃப்ரெடரிக் அமியேல் வாழ்நாள் முழுவதும் நாட்குறிப்பு எழுதியவர். 1880ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், கல்லறைக்கு அப்பாலிருந்து வாழ்க்கையைப் பார்ப்பதைப் போல இருக்கிறது, எல்லாமே அந்நியமாக இருக்கிறது, என் உடலுக்கு வெளியே நிற்கிறேன் என்று எழுதிவிட்டு, இது பைத்தியமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவர் கையாண்ட சொல்லை எடுத்துத்தான் 1898இல் லுடோவிக் டுகா என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த நிலைக்கு ‘டீபெர்சனலைசேஷன்’ என்று பெயர் வைத்தார். நீங்கள் கேட்ட கேள்வியை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் அதே தொனியில் கேட்டிருக்கிறார்.

உடம்பு என்ன செய்கிறது?

வீட்டில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் சுவிட்ச் டிரிப் ஆகி இணைப்பு துண்டிக்கப்படுகிறதல்லவா? கம்பி எரிந்துவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. பயம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது மூளையும் உணர்ச்சியின் ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். கண் பார்க்கும், காது கேட்கும், அறிவு அது அம்மா என்று சொல்லும். பார்த்ததோடு சேர்ந்து நெஞ்சில் எழ வேண்டிய அந்தச் சிறு வெதுவெதுப்பு மட்டும் வந்து சேராது. அது இல்லாத உலகம் செட்டாகத்தான் தெரியும்.

கஞ்சா கிளப்பிய பீதி, இரவு ஷிப்ட் பறித்த தூக்கம், மகன் சம்பாதித்து அக்காள் கல்யாணக் கடனை அடைக்க வேண்டும் என்ற பாரம். இவை மூன்றும் ஒரே வாரத்தில் உங்கள் மேல் இறங்கியிருக்கின்றன. இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் அழுகை உங்களைத் தொடாமல் போனதற்கு நீங்கள் கல்நெஞ்சக்காரர் என்று பொருள் இல்லை. அப்படி இருந்திருந்தால், அது தொடவில்லையே என்று நான்கு பக்கம் வருந்தி எழுதியிருக்க மாட்டீர்கள்.

சோதித்துப் பார்ப்பதுதான் தீனி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடை என்னிடம் இல்லை. உலகம் உண்மை என்று நிரூபிக்கும் சோதனை எதையும் நான் தரப்போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் சோதனைகளையும் விட்டுவிடச் சொல்லப்போகிறேன்.

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை கையைக் கிள்ளிப் பார்க்கிறீர்கள். விரல்களை எண்ணுகிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்க்கிறீர்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் நின்று, இந்த முகம் என்னுடையதுதானா என்று உற்றுப் பார்க்கிறீர்கள். கடைசியில் அது வேறொருவர் முகமாக மாறிவிட்டது என்று நடுங்கி எழுதியிருக்கிறீர்கள். மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் கண்ணாடியை உற்றுப் பார்க்கும் எவருக்கும் அப்படி நேரலாம். இத்தாலிய ஆய்வாளர் ஜியோவான்னி கபூட்டோ 2010இல் வெளியிட்ட ஆய்வில், எந்தக் கோளாறும் இல்லாதவர்களைத்தான் அப்படி உட்கார வைத்தார். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த முகம் உருக்குலைந்து தெரிந்தது. சிலருக்கு முன்பின் அறியாத முகம் தெரிந்தது.

வேறொன்றும் செய்து பாருங்கள், ஒரே ஒரு முறை. ‘தேங்காய்’ என்று ஐம்பது முறை தொடர்ந்து சொல்லுங்கள். முப்பதைத் தாண்டும்போதே அது சொல்லாக இருக்காது, வெறும் ஓசையாகிவிடும். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எதையும் அளவுக்கு மீறி உற்று நோக்கினால் அதன் பொருள் கழன்றுவிடும் என்பது நம் கவனத்தின் இயல்பு. நீங்கள் உங்களையே 14 மாதங்களாக ஐம்பது முறை, ஐந்நூறு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே கிள்ளத் தோன்றும்போது கிள்ளாதீர்கள். பயம் ஏறும், சில நிமிடங்களில் தானே இறங்கும். அந்த நேரத்தில் கையை வேறு வேலைக்குக் கொடுங்கள். பூண்டு உரியுங்கள், சட்டைக்குச் சோப்புப் போடுங்கள், ஈரத் துணியைப் பிழியுங்கள். ‘இப்போது உண்மையாகத் தெரிகிறதா?’ என்று நடுவில் எட்டிப் பார்க்காமல் அந்த வேலையை முடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாயை பற்றிய மேற்கோள்கள்

உலகத்தைச் சந்தேகிப்பது நோய் அல்ல. தத்துவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் உங்களிடம் வந்து சேர்ந்த மேற்கோள்கள் எல்லாமே பாதியில் வெட்டப்பட்டவை.

அறைத் தோழர் சொல்வது நிக் பாஸ்ட்ரம் என்ற தத்துவ அறிஞர் 2003இல் எழுதிய கட்டுரையைச் சுற்றிப் பரவிய செய்தி. அவர் எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபித்ததாகச் சொல்லவும் இல்லை. மனிதனைப் போன்ற இனங்கள், கம்ப்யூட்டரில் போலி உலகங்களை உருவாக்கும் தொழில்நுட்பத்தை எட்டும் முன்பே பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. அல்லது எட்டினாலும் அப்படிச் செய்ய அக்கறை காட்டுவதில்லை. அல்லது நாம் அப்படியொரு போலி உலகில்தான் இருக்கிறோம். இந்த மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். மூன்றாவதை மட்டும் கிழித்து எடுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பாரதியையும் அப்படித்தான் எடுத்தாண்டிருக்கிறீர்கள். ‘வெறுங் காட்சிப் பிழைதானோ’ என்ற வரியை எழுதி, பாரதியே சொல்லிவிட்டார் என்கிறீர்கள். பாரதி அங்கே சொல்லவில்லை, கேட்கிறார். அதே பாட்டில் இன்னும் கீழே இறங்கி வந்தால், ‘சோலை பொய்யாமோ’ என்று திருப்பிக் கேட்கிறார். முடிவில் ‘காண்பதுவே உறுதிகண்டோம், காண்பதல்லால் உறுதியில்லை’ என்று அழுத்தமாக வந்து நிற்கிறார். சிறு பாட்டுத்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படியுங்கள். சந்தேகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்த ஒருவரின் குரலை அதில் கேட்பீர்கள்.

திருவண்ணாமலை விஷயம் சற்றுக் கனமானது. ரமணர் 1896இல், 16 வயதில், மதுரை வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் பற்றிக்கொள்ள, பிணத்தைப் போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளுக்குள் ஆராய்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் அதுதானா என்று கேட்கிறீர்கள். அந்த அனுபவத்தை அளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அன்றோடு மரண பயம் தன்னை விட்டு ஒரேயடியாக நீங்கியது என்பது அவர் சொன்னது. உங்களுக்கோ அன்று வந்த பயம் ஒவ்வோர் இரவும் திரும்பி வருகிறது. அருணாசலம் எங்கும் போய்விடாது. நன்றாகத் தூங்கி, உணர்ச்சி திரும்பிய பிறகும் ‘நான் யார்’ என்று கேட்கத் தோன்றினால் அப்போது தாராளமாகப் போங்கள். இப்போது நீண்ட நேரத் தியானம் வேண்டாம். கண்ணை மூடி உள்ளே பார்க்கும் பயிற்சி, இந்த நிலையில் சிலருக்கு அந்நிய உணர்வைக் கூட்டிவிடுகிறது.

பகற்கனவும் படுகளமும்

கடிதத்தின் ஒன்பதாவது தாளில், வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். பள்ளி நாளிலிருந்து உங்களுக்குள் ஒரு கதை ஓடுகிறது. அதில் நீங்கள் ஒரு நாட்டை இழந்த இளவரசன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, அறைக்குள் நடந்துகொண்டே, நான்கு மணி நேரம்கூட அங்கேயே வாழ்கிறீர்கள். எலி சோமர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இப்படி அளவுக்கு மீறும் பகற்கனவைப் பற்றி 2002இல் எழுதிய பிறகு, உலகெங்கும் பலர் ‘எனக்கும்தான்’ என்று கை தூக்கினார்கள். இது இன்னும் அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் இடம்பெறவில்லை. அந்தக் கதையை அழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வயதில் தனிமையைத் தாங்க அது துணையாக இருந்திருக்கிறது. அதற்கு வெளியே வரும் வாசல் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

உங்கள் அப்பாவின் கலையில் அந்த வாசல் இருக்கிறது. நீங்களே எழுதிய காட்சியைத் திரும்பச் சொல்கிறேன். ஆறு வயதில், திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள். பொட்டலில் மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன். பீமன் வேஷம் கட்டியவர் துரத்த, அப்பா ஓடி வந்து விழுகிறார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அப்பா செத்துவிட்டார் என்று நீங்கள் அலறியிருக்கிறீர்கள். அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். அங்கே அப்பா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் சிவப்பாகவும் மறு கன்னம் அப்பாவாகவும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களை மடியில் உட்காரவைத்துத் தன் டீயில் ஒரு வாய் கொடுத்தார்.

இரவு முழுக்க ராஜாவாக இருந்தவர் விடிந்ததும் மங்களம் பாடி, எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு ஏர் ஓட்டப் போகிறார். உங்கள் கதைக்கும் அப்படி நேரம் வையுங்கள். மாலையில் அரை மணி, அதுவும் எழுத்தில். தாளில் இறங்கிய கதைக்குக் கடைசி வரி என்று ஒன்று இருக்கும். எழுதி முடித்ததும் எழுந்து முகம் கழுவுங்கள். நடந்துகொண்டே பாட்டுக் கேட்பதை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அதுதான் உங்களை இழுத்துக்கொண்டு போகும் கயிறு.

மருத்துவம், வேலை, உரிமை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கோ, நம்பிக்கையான மனநல மருத்துவரிடமோ இந்த மாதத்துக்குள் போங்கள். இது பெரும்பாலும் பதின்வயதில் தலைகாட்டும் கோளாறு. 25ஐ ஒட்டி முதன்முறையாகத் தொடங்குவது குறைவு. ஆகவே வலிப்பின் சில வகைகள், ஒற்றைத் தலைவலி, தைராய்டு போன்ற உடல் காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உதவும். சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் அதன் பின்னாலுள்ள பயத்தையும் பேசிப் பயிற்றுவித்து மாற்றும் சிபிடி சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை உண்டு. உடனடியாக யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், எந்த நேரமும், கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கஞ்சாவைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நீங்கள் பயப்படுவதைப் போல மருத்துவர் உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்ப மாட்டார். இனி ஒரு முறைகூடக் கஞ்சாவைத் தொடாதீர்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். வீட்டில் தனியே உட்கார்ந்தால் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம்தான் கூடும். மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துப் பகல் ஷிப்டுக்கு மாற்றக் கேளுங்கள். நோயின் பெயரை மேலாளரிடம் விவரிக்க வேண்டியதில்லை. தூக்கம் தொடர்பான மருத்துவக் காரணம் என்பது போதும், அது பொய்யும் அல்ல. பகல் ஷிப்டு கிடைக்காவிட்டால், வேறு வேலை பார்த்துக்கொண்டு பிறகு மாறுங்கள். சாலை தட்டையாகவும் வண்டிகள் தூரம் தெரியாமலும் தோன்றும் நாட்களில் பைக்கை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

‘போல’ என்ற சொல் உதிர்ந்து, இது செட்தான் என்று நிச்சயமாகத் தோன்ற ஆரம்பித்தாலோ, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்டாலோ, நினைவு தவறி விழுந்தாலோ, இது உண்மையில்லை என்றால் உயிரோடு இருந்தென்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். துணைக்கு அப்பாவைக் கூப்பிடுங்கள். அவருக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் வேறொருவராக மாறி மாறித் திரும்பிய மனிதர் அவர். கேட்டுப் பாருங்கள்.

டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் வாய் வராது என்று பயப்படுகிறீர்கள். கீழே உள்ளதை ஒரு சீட்டில் எழுதி, உள்ளே நுழைந்ததும் கொடுத்துவிடுங்கள்:

“14 மாதங்களாக உலகமும் என் உடம்பும் எனக்கு அந்நியமாகத் தெரிகின்றன. அது உண்மையில் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். கஞ்சாவால் வந்த பீதிக்குப் பிறகு தொடங்கியது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே தூங்குகிறேன். பலமுறை சோதித்துப் பார்க்கிறேன். என் அம்மா அழுதபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அது திரும்பி வர வேண்டும்.”